அக்காவிடம் ஒன்றை மறைக்கவும்

ஜனவரி 12

அக்கா,

வந்து சேர்ந்தேன். எங்கே என்று எழுதக்கூடாது. எழுதினாலும் ஒருவர் கறுப்பு மையால் அடித்துவிடுவார். போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் பிரித்துப் படிப்போம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். படித்துவிட்டுப் போகட்டும்.

அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை, சரியாக மூடாத ஒரு ஜன்னல். இங்கே யாரும் தன் பெயரைச் சொல்லக்கூடாது. கூட இருப்பவன் சட்டம் படித்தவன், ஆகவே அவன் வக்கீல். நான் ரேடியோக் கருவிகளோடு வேலை பார்த்தவன், ஆகவே ரேடியோ. வக்கீல் நல்லவன்தான், ஆனால் ஜன்னலைச் சரிசெய்ய ஓர் அட்டையை மடக்கிச் செருகுவதற்குக்கூட அவனுக்குக் காரண காரியம் விளக்க வேண்டியிருக்கிறது.

வேலை நான் நினைத்தது போல் இல்லை. உளவுத்துறை என்றால் அலைவாங்கி, சங்கேதம், கருவி என்று தொடங்குவார்கள் என்று நம்பி வந்தேன். வந்த நாளிலிருந்து மனசைத்தான் நோண்டுகிறார்கள். தலையணை தடிமனுக்கு ஒரு வினாத்தாள். 'எனக்குக் கோபமே வந்ததில்லை', 'நான் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை' என்று வரிசையாக வாக்கியங்கள். ஆம், இல்லை போட வேண்டும். ஒரே கேள்வி சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. எது எதனுடைய நகல் என்று குறித்து, தாளைத் தயாரித்தவர் கவனக்குறைவானவர் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். உளவியல் பார்க்கும் மேடம் அதைப் படித்துவிட்டு "ம்ம்" என்றார். எதற்கும் அவருக்கு அதுதான் பதில். பிறகு பேசாமல் நம்மையே பார்ப்பார். நாம்தான் தாங்க முடியாமல் எதையாவது உளறுவோம். அதனால் அவர் பெயர் ம்ம் மேடம். (பிரிக்கும் ஐயா, இதை அடிக்க வேண்டாம். அவருக்கே தெரியும்.)

விஷயம் இதுதான். பயிற்சி முடியும்போது எங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று வெளிப்பணி, இன்னொன்று மேசைப்பணி. மேசைக்குப் போட்டால் வாழ்க்கை முழுக்கக் கருவிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கலாம். அதற்கு நான் பழைய வேலையிலேயே இருந்திருப்பேன். எனக்கு வெளிப்பணி வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

ரொட்டி செங்கல். வறுத்த கடலை அனுப்பு.

தம்பி


ஜனவரி 21

டேய்,

உன் கடிதத்தில் மூன்று வரி கறுப்பு. அப்படி என்னதான் எழுதினாய்? பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு என் வணக்கம். இவனுடைய கையெழுத்தைப் படிப்பதற்கே உங்களுக்குத் தனிப்படி கொடுக்க வேண்டும்.

உன்னைப் பற்றி விசாரிக்க ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். அட்டையை முதலிலேயே காட்டக்கூடாதா மனிதர்? நோயாளி என்று நினைத்து நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, வாயைத் திறங்கள் என்றேன். பாவம், திறந்தார். மேல்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. அதைச் சொன்ன பிறகுதான் தான் யார் என்று சொன்னார்.

வீடு வாடகைக்குக் கேட்பவனைப் பற்றி விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். குடிப்பானா, யாரோடு பழகுவான், கோபம் வருமா. நான் விடுவேனா? அடுத்த நோயாளியைக் காக்கவைத்து, உன் புகழை அரை நாள் பாடினேன். "என் தம்பிக்கு மறைக்கவே தெரியாது சார். எங்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிடுவான். முதல் சிகரெட்டைக்கூடக் குடிச்ச கையோட வந்து சொன்னான்" என்றேன். மனிதர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். போகும்போது, ரொம்ப உபயோகமாக இருந்தது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

உனக்கு வேலை உறுதி என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். கடலை இத்துடன். கடித்துத் தின்னு, விழுங்காதே.

அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

நீ கெடுத்துவிட்டாய். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், கெடுத்துவிட்டாய்.

சமையலுக்கு ஆள் எடுப்பவர்களிடம் போய், 'நல்ல பையன், கையில் எடுப்பதையெல்லாம் தின்றுவிடுவான்' என்று யாராவது சிபாரிசு செய்வார்களா? நீ அதைத்தான் செய்திருக்கிறாய். ம்ம் மேடம் என்னைக் கூப்பிட்டு, நீ சொன்னதை எழுத்து மாறாமல் வாசித்தார். சிகரெட் உட்பட. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "இப்பவும் எல்லாத்தையும் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். சின்ன வயசில் என்றேன். மேசையில் என்னுடைய ஜனவரிக் கடிதத்தின் நகல் இருந்தது. அவர் அதைத் தொடக்கூட இல்லை. நானேதான் அதைப் பார்த்தேன்.

அப்போது ஒரு வேலை கொடுத்தார். "பயிற்சி முடியறவரைக்கும் உங்க அக்காகிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுக் காட்டுங்க. கடிதம் எழுதறதை நிறுத்தாதீங்க. ஏதோ ஒண்ணு மறைக்கறீங்கன்னு அவங்களுக்கும் தெரியட்டும். நம்பற ஆளை யார் வேணும்னாலும் ஏமாத்தலாம். சந்தேகப்படற ஆள் முன்னாடி மறைக்கறதுதான் வேலை." எந்த விஷயம் என்று கேட்டேன். அது என் இஷ்டமாம், அவரிடமும் சொல்ல வேண்டாமாம்.

மார்ச் தொடக்கத்தில் அந்த ஆடும்பல்காரர் மறுபடி உன்னிடம் வந்து, கண்டுபிடித்தாயா என்று கேட்பார். கண்டுபிடித்துவிட்டால் எனக்கு மேசைதான் என்று வைத்துக்கொள்.

ஆகவே அக்கா, தேடாதே. உன் வேலையைப் பார். என் வேலை இப்போது உன் கையில் இருக்கிறது என்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

நல்ல குணம் என்று நினைத்துச் சொன்னேன். அதை வியாதி என்று எழுதிக்கொள்ளும் இடத்துக்கு நான் உன்னை அனுப்பவில்லை. நீயாகத்தான் போனாய். கெடுத்துவிட்டாய் என்று ஒரே பத்தியில் இரண்டு முறை எழுதியிருக்கிறாய். முதல் முறையே புரிந்தது.

ஒன்று கேட்கிறேன். மறைத்துப் பழக வேறு ஆளே கிடைக்கவில்லையா? உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அக்காவிடம்தான் தொடங்க வேண்டுமா?

மாமாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் முயற்சி பண்றேன், ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. உன் தம்பி நாலு வாரத்துல பண்ணிடுவானாமா?" என்கிறார். வேண்டுமென்றால் உங்கள் மேடத்திடம் அவரும் வந்து சேர்ந்துகொள்வாராம்.

தேட மாட்டேன். போதுமா? எழுதுவதை நிறுத்தாதே. பொய்யையாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் நலம் என்று நம்புகிறேன்.

சுவர் ஏறிக் குதிக்கும் பயிற்சி முடிந்துவிட்டது. நன்றாகவே முடிந்தது. இப்போது மாற்று வாழ்க்கைப் பயிற்சி. ஒவ்வொருவருக்கும் வேறொரு பெயர், வேறொரு தொழில். நான் தண்ணீர் பம்ப் விற்கிறவன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே யாராவது வந்து, உன் மனைவிக்கு எந்த ஊர், இரண்டு அங்குலக் குழாய்க்கு எந்த பம்ப் என்று கேட்பார்கள். தடுமாறினால் குறிப்பெழுதிக்கொள்வார்கள். வக்கீல் தன் மாமனாரை ஒரே வாரத்தில் இரண்டு முறை சாகடித்துவிட்டான். நான் மின்சுற்று வரைவது போல என் கதையை வரைந்துகொண்டேன். எங்கே தட்டினால் எங்கே உடையும் என்று முதலில் பார்த்துவிட்டு, உடைகிற இடத்தில் உண்மையையே வைத்துவிட வேண்டும். சுலபம்.

சாப்பாடு முன்பு போல மோசமில்லை. சூப் நன்றாக இருக்கிறது. தினமும் சூப்தான் சாப்பிடுகிறேன். கடலை இனி அனுப்ப வேண்டாம், போன தடவை அனுப்பியதை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
தம்பி


மார்ச் 7

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. 'நலம் என்று நம்புகிறேன்' என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். மாமா உறையைத் திருப்பிப் பார்த்து, வேறு யாருக்கோ வந்தது நம் வீட்டுக்கு வந்துவிட்டதா என்று கேட்டார்.

அவர் வந்தார். பல் இன்னும் ஆடுகிறது, வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று சுவரோரமாக நின்றுகொண்டார். தம்பி கடிதங்களில் ஏதாவது கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏதாவது சந்தேகமாவது உண்டா என்றார். இல்லை சார் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே உனக்கு வேண்டியது நடந்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. குளிர் நிற்கவில்லை. இந்தப் பருவத்தில் எல்லோரும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது நல்லது. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. ஐயாவும்தான். அங்கே மருத்துவர் ஒருவர் இருப்பார் அல்லவா? குளிருக்கு அவரை எல்லோருமே ஒரு தடவை பார்த்துவைப்பது தப்பில்லை என்று பொதுவாகச் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இருக்கிறது, அதாவது என் எண். வெளிப்பணி. வக்கீலும் உண்டு. இன்னும் மூன்று வாரத்தில் கிளம்புகிறோம். எங்கே என்று எனக்கே இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் கோபமாக எழுதியதை மறந்துவிடு. நீ சொன்னபடி தேடாமல் இருந்தாய், நல்ல காரியம். ம்ம் மேடம் என்னைப் பார்த்து இன்றைக்கு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினார். "ம்ம், பார்ப்போம்." அந்த அம்மாவுக்கு அது சொற்பொழிவு.

உப்புத் தண்ணீர் எதற்கு என்று புரியவில்லை. என் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. விழுங்கும்போது மட்டும் கொஞ்சம் இறுக்கம், நேற்றிலிருந்து லேசான காய்ச்சல். அந்த ஜன்னல் காற்றுதான். வக்கீல் தலைவலி மாத்திரை வைத்திருக்கிறான், போட்டுக்கொண்டேன். வலது பக்கமாகவே படுக்கிறேனாம், குறட்டை நின்றுவிட்டதாம், நிம்மதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பேச்சும் குறைந்துவிட்டதாம். தொழிலுக்கு நல்லதுதானே என்றேன்.

கிளம்புவதற்கு முன் எழுதுகிறேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கடிதம் வராது. கவலைப்படாதே.

தம்பி


மார்ச் 20

கடிதத்தைப் பிரிக்கும் ஐயா,

இது உங்களுக்கு. தயவு செய்து இதை அவனிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். விசாரிக்க வந்தவர் விட்டுப்போன எண்ணுக்குக் காலையிலிருந்து போன் அடிக்கிறேன், யாரும் எடுக்கவில்லை.

என் தம்பிக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்திருக்கிறது. சுவரிலிருந்து குதித்தபோது தாடை மோதியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஆனால் சூப் என்றால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவன் தினமும் சூப் குடிக்கிறான். கடலையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டான். வலது பக்கமாகவே படுக்கிறான். இவ்வளவும் உடைந்த பல்லுக்குப் பொருந்தும். இப்போது காய்ச்சல், விழுங்க முடியவில்லை என்கிறான். சீழ் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்குகிறது. அடுத்தது மூச்சு. அவன் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான். கேட்காதீர்கள். வாயைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்க முடியாவிட்டால் அப்போதே ஆஸ்பத்திரி.

உங்கள் ஆள் வந்து கேட்டபோது எனக்குப் பல் விஷயம் தெரியும். தெரியாது என்று பொய் சொன்னேன். அவனுக்கு ஆசைப்பட்ட வேலை கிடைக்கட்டும் என்று சொன்னேன். உப்புத் தண்ணீரில் சமாளித்துவிடுவான் என்று நினைத்தேன். ஒரு பல் டாக்டர் அப்படி நினைத்திருக்கக்கூடாது.

தம்பி, பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என்னைத் திட்டி எழுது. எழுதுகிற நிலையில் இரு, போதும்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

திட்டித்தான் எழுதுகிறேன். படுத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து இப்படி.

கடிதத்தைப் பிரிக்கிறவரை முதல் தடவையாகப் பார்த்தேன். குட்டையான மனிதர், விரலெல்லாம் கறுப்பு மை. உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு ஓடிவந்தார். மூச்சிரைக்க என் முன்னால் நின்று, "வாயைத் தொற" என்றார். பம்ப் விற்பவனிடம் கேட்கும் புதுக் கேள்வி என்று நினைத்து, "என்ன அளவு குழாய் சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திறந்தேன். ஒரு விரல்கூட நுழையவில்லை.

கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தொண்டையில் ஓட்டை போட்டுத்தான் மூச்சு விட வைத்திருக்க வேண்டும் என்று இங்கே டாக்டர் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை உன் பார்வை போலவே இருந்தது. உங்கள் தொழிலில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள் போல.

ம்ம் மேடம் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முந்திக்கொண்டேன். மறைக்கச் சொன்னது நீங்கள், மறைத்தேன், அக்கா கண்டுபிடித்தால் என் மேல் என்ன தப்பு என்றேன். அவர் அவசரப்படவில்லை. "அக்காகிட்ட மறைக்கச் சொன்னேன். எங்க டாக்டர்கிட்டயும் மறைக்கச் சொன்னேனா?" என்றார்.

உண்மையில் பல் உடைந்தது அவர் வேலை கொடுப்பதற்கு முன்பே. மருத்துவரிடம் போனால் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. எப்படியும் மறைக்கிற விஷயம், அதையே அக்காவுக்கும் வைத்துக்கொள்வோம், ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். எழுதும்போதே முட்டாள்தனமாகத் தெரிகிறது. அப்போது கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

இன்னொன்று. நீ பொய் சொன்னது முதல் நாளே அவர்களுக்குத் தெரியுமாம். முதல் தடவை அரை நாள் பேசியவர் இரண்டாம் தடவை இரண்டு வார்த்தை பேசினார் என்று ஆடும்பல்காரர் எழுதிக்கொடுத்திருக்கிறார். தெரிந்தும் என் எண்ணைப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். கடிதத்தில் கசிவதைப் பழக்கத்தில் சரிசெய்துவிடலாமாம். "இப்ப பட்டியல்லேர்ந்து உங்க எண்ணை அடிச்சது அதுக்கில்ல" என்றார் மேடம். "வெளியில ரெண்டு பேர் சேர்ந்து போவீங்க. உங்களால நடக்க முடியும்னு நம்பித்தான் மத்தவன் வழி போடுவான். முடியலைன்னா நீங்க சொல்ல மாட்டீங்க. ரெண்டு பேரும் போயிடுவீங்க."

அவர் இந்தத் தடவை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

ஆக, நீ எழுதியிருக்காவிட்டால் நான் போயிருப்பேன். இரண்டு விதத்திலும். தெரிகிறது. ஆனாலும் இப்போதைக்கு உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பி,

கோபமாக இரு. நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இரண்டாம் தடவை கேட்டாலும் அதே கடிதத்தைத்தான் எழுதுவேன், ஆனால் பத்து நாள் முன்னாலேயே எழுதுவேன். அந்தப் பத்து நாளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நோயாளிகளிடம் எரிந்து விழுகிறேன். நேற்று மாமா, நாற்காலியில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு, "என்னையாவது திட்டு, வெளியில உக்காந்திருக்கறவங்க பாவம்" என்றார்.

உனக்கு வேலை போனால் வேறு வேலை தேடலாம். எனக்குத் தம்பி போனால் எங்கே போய்த் தேடுவது? இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பல்லைப் பற்றி உன் டாக்டர் எனக்கு எழுதிவிட்டார், நல்ல மனிதர், தையலைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். ஆகவே பல்லைப் பற்றி நீ எழுத வேண்டாம். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். ஆசைப்பட்டது கைக்கு வந்து போய்விட்டது. கூட இருந்தவன் கிளம்பியிருப்பான். நீ எப்படி இருக்கிறாய்?

'நலமாக இருக்கிறேன்' என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கினேன். முதல் இரண்டும் 'நலம்' என்றுதான் தொடங்கின.

வக்கீல் போன வாரம் கிளம்பினான். அவன் பெட்டியை வேன் வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கழுத்தில் கட்டோடு எதற்கு என்று பிடுங்கப் பார்த்தான், கொடுக்கவில்லை. என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான், வரைபடம் படிக்கிறவன், நல்லவன்தான். ஜன்னல் பக்கத்து இருக்கை. வக்கீல் வேனுக்குள்ளிருந்து, "வரேன்டா ரேடியோ. குறட்டை விட ஆள் இல்லாம எப்படித் தூங்கப்போறேனோ" என்றான். நான் சிரித்தேன். வேன் திரும்பியதும் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. சாப்பிடப் போகவில்லை. அறைக்கு வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்தேன். பொறாமை அக்கா. அவன் தடுமாறித் திரும்பி வர வேண்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வினாத்தாளில் 'பொறாமைப்பட்டதில்லை' என்ற வாக்கியத்துக்கு 'ஆம்' என்று போட்டிருந்தேன்.

அது ஒன்று. இன்னொன்று அதைவிட மோசம்.

கழுத்தைக் கீறக் கொண்டுபோகும்போது எச்சில்கூட இறங்கவில்லை. பயமாக இருந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அப்போதும் பக்கத்தில் நடந்துவந்த டாக்டரிடம், இதைக் குறிப்பில் ஏற்றாமல் விட முடியுமா என்று ஜாடையில் கேட்டேன். மூச்சுக்கே வழியில்லாதபோது எனக்கு அதுதான் முக்கியமாக இருந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் இப்போது என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது.

நேற்று மேடத்திடம் போய் இதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே போனேன். கேட்டுவிட்டு, அடுத்த குழு ஆகஸ்டில் தொடங்குகிறது, விருப்பமிருந்தால் முதலிலிருந்து வரலாம் என்றார். அதே வினாத்தாள், அதே சுவர். தேறுவேன் என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் மேசையிலேயே போய் முடியலாம்.

பெயர் கொடுத்துவிட்டேன்.

உனக்குப் பிடிக்காது என்று தெரியும். உன்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. அனுமதி கேட்பதற்காகவும் எழுதவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி